கீழ்த்தளத்தில் ஒன்பது விநாடி

முதலில் அவள் பார்த்தது அவனுடைய கால்களைத்தான்.

காதல் கதை என்றால் முதலில் கண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே அந்தரத்தில் நின்றுவிட்டால் சட்டம் என்ன செய்யும்? இரண்டாம் மாடியில் நிற்கிறவளுக்குக் கால்தான் தெரியும்.

அன்று பெய்தது சாதாரண மழை இல்லை. குடை பிடித்திருந்தவர்கள் குடைக்குள்ளேயும் நனைந்தார்கள். தெருமுனையில் இருந்த பழைய தபால் பெட்டி இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது என்று அடித்துச் சொன்னவர்கள் உண்டு. அந்த மழையில், 'நாலாம் மாடியில் அறை வாடகைக்கு' என்ற அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அந்தக் கட்டடத்துக்குள் ஓடி வந்தாள். பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் வரவில்லை. படியேறினாள். இரண்டாம் மாடியில், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

“யாரு அங்க?” என்றது உள்ளே இருந்த குரல்.

“ரூம் பார்க்க வந்தவ. நீங்க யாரு?”

“மாட்டிக்கிட்டவன்.”

“அது தெரியுது.”

“கொஞ்சம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன். நம்பர் கீழ கண்ணாடிக் கடைக் கதவுல ஒட்டியிருக்கு.”

அவள் முதுகுப் பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்தாள். வெளிக்கதவு திறந்தது. அவள் நெஞ்சு உயரத்தில் லிஃப்டின் தரை. அதன்மேல் இரண்டு கால்கள்... ஒன்றில் கறுப்புச் செருப்பு, மற்றதில் பழுப்பு.

“மெக்கானிக் வந்தாச்சு” என்றாள்.

“எங்க?”

“உங்க கால்கிட்ட.”

பழுப்புச் செருப்பு விளிம்பை நோக்கி ஓரடி வந்தது. பிறகு, “மெக்கானிக்... பொண்ணா?”

“ஆமா. வேணாம்னா சொல்லுங்க, மூடிட்டுப் போறேன். ஆம்பளை மெக்கானிக் வர்றவரைக்கும் உள்ளயே இருங்க. போன தடவை எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரெண்டேகால் மணி... நீங்களே பாருங்க.”

“அப்ப காலை உள்ள இழுங்க. குதிக்கலாம்னு நினைக்காதீங்க. தவறினா இந்தச் சந்து வழியா நேராக் கீழதான். உங்க ரெண்டு செருப்பும் ஜோடி சேராமலே போயிடும்.”

கால்கள் சட்டென்று மறைந்தன. அவள் கதவை மூடிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். இயந்திர அறையில் மின்சாரத்தை நிறுத்தி, பெரிய சக்கரத்தைக் கையாலேயே சுற்றினாள். விரற்கடை விரற்கடையாக லிஃப்ட் இறங்கியது. மறுபடி கீழே வந்து கதவைத் திறந்தபோது, இப்போது முழு ஆளாக அவன் நின்றிருந்தான்.

கண்கள்... ஆமாம், இப்போதுதான் கண்கள். அவனுடையவை கொஞ்சம் தூக்கக் கலக்கமானவை. அவளுடையவை, மழையில் கழுவிய கூழாங்கற்கள். இமையிலிருந்து ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“அறுபத்தொண்ணு” என்றான் அவன்.

“என்னது?”

“உங்க ரெண்டு கண்மணிக்கும் நடுவுல... அறுபத்தொரு மில்லிமீட்டர்.” காது சிவந்தது. “கீழ கண்ணாடிக் கடை என்னுதுதான். மூஞ்சியப் பார்த்தா வாய் தானா அளவு சொல்லுது. மன்னிச்சுக்குங்க.”

“பரவால்ல. எடையச் சொல்றீங்களோன்னு பயந்துட்டேன்.”

விழலாமா என்று யோசித்த துளி அப்போது விழுந்தது.

*

அவள் வேலை பார்த்தது ஊர் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒன்பது மாடி ஆஸ்பத்திரியில். ஆறு லிஃப்ட், ஆறு மாத ஒப்பந்தம். சொந்த வீடோ ரயிலில் மூன்றரை மணி நேரம். போக மூன்றரை, வர மூன்றரை. இரண்டு மாதமாகத் தினமும் அப்படித்தான். டிக்கெட் பரிசோதகர் அவளுடைய தூக்கத்தை வைத்தே ஊர் சொல்ல ஆரம்பித்திருந்தார். தலை இடப்பக்கம் சாய்ந்தால் ஆற்றுப்பாலம், வாய் லேசாகத் திறந்தால் கடைசி நிறுத்தம்.

வாரத்தில் நாலு ராத்திரி தங்க ஓர் இடம். திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை வேலை நாலு மணிக்கே முடியும்; சாயங்காலம் வீட்டுக்கு ரயில். இவ்வளவுதான் அவள் கேட்டது. ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜில் ஒரு ராத்திரிக்குக் கேட்ட தொகை அவள் ஒரு நாள் கூலியைத் தின்றுவிட்டு ஏப்பம் விடும். விடுதியில் காத்திருப்போர் பட்டியல்; வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தவளுக்குக் காத்திருந்தே தலை நரைத்துவிட்டது. பதினோரு வீடு ஏறி இறங்கினாள். ஒருவர், ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார். வேலை ஆறரைக்குத்தான் முடியும் என்றாள். “லிஃப்டைக் கொஞ்சம் சீக்கிரமா மாட்டக் கூடாதா?” என்று கேட்டார் அந்தப் புண்ணியவான். ஏழாவது வீட்டு அறை மகா குறுகல். கட்டிலில் புரண்டு படுக்க வேண்டுமானால் வெளியே போய்த் திரும்பி வந்துதான் படுக்க வேண்டும். ஒன்பதாவது வீட்டு அம்மாள் அறையைக் காட்டவே இல்லை.

“கல்யாணம் ஆகலையா? ஏன்?”

“ரூம் தேடவே நேரம் சரியா இருக்குங்க.”

இதற்கிடையில் அண்ணன். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். உலகத்தில் எந்த விஷயத்துக்கும் ஒரு புறப்படும் நேரமும் ஒரு சேரும் நேரமும் உண்டு என்று நம்புகிறவர். தங்கை ரயிலில் தேய்வதை அவரால் பார்க்க முடியவில்லை. அதை அன்பாகச் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. “வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள ஒழுங்கா ஒரு ரூம். இல்லைன்னா வேலைய விட்டுடு” என்று கெடு வைத்தார்.

“ரூம் கிடைச்சா?”

“அதுக்கப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அந்த ஒரு பரிசுக்காகவே அவள் பன்னிரண்டாவது வீட்டுக்கு மழையில் ஓடி வந்திருந்தாள்.

*

கட்டடத்தின் சொந்தக்காரி கண்ணாடிக்காரனின் அம்மா. மூன்றாம் மாடியில் மகனோடு குடித்தனம். இரண்டு முழங்காலும் மக்கர். லிஃப்டை நம்பவும் முடியாமல், படியை மதிக்கவும் முடியாமல், ஏழு மாதமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. ஜன்னல் வழியாகவே காய்கறிக்காரனோடு சண்டை போட்டு, ஜன்னல் வழியாகவே சமாதானமும் ஆகிவிடுவாள்.

மகன் கடையைச் சாத்தக் கீழே போயிருந்தான். சமையலறையில் இரண்டு பெண்கள் மட்டும்.

“வாரத்துல நாலு நாள், மூணு நாள் கேப்பு... இது வீடா, மாத்திரையா?” என்றாள் வீட்டுக்காரம்மா.

“நாலு நாள்தான் இருப்பேன். நாலு நாளைக்குத்தான் வாடகை தருவேன்.”

“தனிப் பொண்ணுக்கு நான் விடறதில்ல.”

“தனி ஆளுங்க அதிகமா குப்பை போட மாட்டாங்கம்மா.”

“என் பையனைக் காப்பாத்தினியாம். அதுக்காகக் குறைச்சுக்கணும்னு பார்க்கறியா?”

“அதுக்கு ஒண்ணும் வேணாம். ரோட்டுல ஒரு நாய் மாட்டியிருந்தாலும் எடுத்து விட்டிருப்பேன்.”

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. “நாலாம் மாடிக்கு ஏன் ஆள் வரலை தெரியுமா? அந்த லிஃப்ட் சனியன்தான்.”

இந்த இடத்தில்தான் ரோஷம் அவள் நாக்கில் ஏறி உட்கார்ந்தது. “நான் சரி பண்றேன். நான் குடியிருக்கற வரைக்கும் அது நிக்காது. ஒரே ஒரு தடவை நின்னாலும் அந்த வாரமே காலி பண்றேன்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“எழுதியே தர்றேன்.”

கையில் கிடைத்தது கண் பரிசோதனை அட்டை ஒன்று. அதன் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரம்மா அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். மகனிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்; ஆனால் அவன் கேட்டதெல்லாம், “அந்தப் பொண்ணு தங்கறாங்களா?” என்பது மட்டும்தான். அதையும் பதினான்கு தடவை கேட்டான்.

*

லிஃப்ட் ஓடியது. எப்படி ஓடியது என்கிறீர்கள்! தண்ணீர் நிரம்பிய டம்ளரைத் தரையில் வைத்தால் நாலாம் மாடி போய்த் திரும்பும்வரை தண்ணீருக்கு விஷயமே தெரியாது. வீட்டுக்காரம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை கீழே போனாள். மூன்று தடவை காய் வாங்க. ஒரு தடவை தெரு அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க. குறை என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“ஏம்மா, கீழ மட்டும் கதவு ஏன் மூடவே மாட்டேங்குது?”

“வயசானவங்க ஏறி இறங்க நேரம் வேணாமா?”

“அப்ப மூணாவது மாடில நான் என்ன, கைக்குழந்தையா?”

“அது... மோட்டார் சூட்டைப் பொறுத்தது.”

மோட்டார் சூடு என்றால் என்ன என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. மெக்கானிக்குக்கும் தெரியாது என்பதுதான் உண்மை.

லிஃப்டுக்கு நேர் எதிரே கண்ணாடிக் கடை. தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் தூசியும் கிரீஸுமாக வந்து ஏறுவாள். அந்த நேரத்துக்குச் சரியாக அவன் ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஒரே கண்ணாடி. பத்து வாரத்தில் அதன் பவர் பாதி தேய்ந்துவிட்டது.

“ஒரு தடவை கண்ணு டெஸ்ட் பண்ணிக்கலாமே... இலவசம்தான்.”

“எதுக்கு? ஒன்பதாவது மாடியில இருந்து கீழ விழுந்த திருகாணி எனக்குத் தெரியும்.”

“தூரப் பார்வை சரி. பக்கத்துல இருக்கறது?”

“பக்கத்துல இருக்கறதைப் பார்க்கத் தோணலையே...”

பொய்! என்றது அவள் மனசு. நீ பேசாம இரு, என்று அதை அதட்டிவிட்டு அவள் லிஃப்டில் ஏறுவாள். ஏறியபின் திரும்பி நிற்பாள். லிஃப்டில் எல்லோரும் அப்படித்தானே நிற்கிறார்கள்.

ஒரு நாள் அவன் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, “வெள்ளிக்கிழமையும் தங்கிக்கலாமே. வாடகை அதேதான்னு அம்மாகிட்ட நான் சொல்றேன்” என்றான்.

“சலுகையில தங்கினா விருந்தாளிங்க. வாடகையில தங்கினாத்தான் அது என் ரூம்.” சொல்லிவிட்டு மேலே போனாள். ராத்திரி முழுக்க அவன் 'என் ரூம்' என்று அவள் சொன்ன தோரணையையே நினைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சின்ன அறைக்கு அவ்வளவு பெரிய ராணியா...

பன்னிரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒப்பந்தத்தில் மிச்சம் நாலே வாரம். அந்த நாலு வாரம்தான் ஆறு லிஃப்டுக்கும் சோதனை ஓட்டம். கடைசி நாள்வரை கூட நின்றவர்கள் பெயர்தான் சான்றிதழில் ஏறும். ஒன்பது வருஷ வேலையில் அவள் பெயர் எந்தச் சான்றிதழிலும் ஏறியதில்லை. ஏதோ ஒரு மேஸ்திரி பெயருக்குக் கீழே 'மற்றும் உதவியாளர்' என்று இருப்பாள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

கண்ணாடிக்காரனுக்கும் நாலு வாரம் என்பது தெரியும். அவனுக்குத் தெரிந்த கணக்கு வேறு. பதினாறு மாலை... ஒரு மாலைக்கு ஒரு பார்வை. இந்த லிஃப்ட் ஏன் இப்படிச் சமத்தாக ஓடித் தொலைக்கிறது? முன்னே மாதிரி நின்றால் அவளும் கொஞ்சம் நிற்க மாட்டாளா?

வியாழக்கிழமை ஆறரை மணிக்கு அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். லிஃப்ட் கதவின் ஓரத்தில், யாராவது நடுவில் நின்றால் கண்டுபிடித்து மூடாமல் இருக்க, ஒரு கண் உண்டு. அந்தக் கண்ணின்மேல் ஒரு கெட்டி லென்ஸை ஒட்டினான். ஒளி திசைமாறிப் போனது. லிஃப்டுக்கு வாசலில் யாரோ நின்றுகொண்டே இருப்பதாகத் தோன்றிவிட்டது. மரியாதையுள்ள லிஃப்ட், கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

ஏழு மணிக்கு அவள் வருவாள், பழுது பார்ப்பாள், பக்கத்தில் டார்ச் பிடிக்கலாம்... இதுதான் திட்டம். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அவருக்கு எழுத்துகளைக் காட்டிக்கொண்டிருந்தான். அவரோ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குடும்பக் கதை சொன்னார். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரம்மா பையும் பூசணிக்காயுமாகத் தெருவிலிருந்து வந்தாள். லிஃப்டில் ஏறி நின்றாள். கதவு மூடவில்லை. பத்து நிமிஷம் நின்றாள். மகன் கடைக் கதவில் 'பரிசோதனை நடக்கிறது'. தட்டிக் கேட்பது அவள் வழக்கமில்லை. மூன்று மாடியும் படியேறினாள். படிக்கு ஒரு சாபம் வீதம் நாற்பத்தெட்டுச் சாபம்.

*

மெக்கானிக் படியேறி வந்து பார்த்தபோது மூன்றாம் மாடி வீட்டு மேஜைமேல் அந்த அட்டை இருந்தது. பக்கத்தில் வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்தபடி வீட்டுக்காரம்மா.

மெக்கானிக் நேரே கீழே போனாள். கதவு ஓரத்தைத் தடவியதும் விரலில் லென்ஸ் தட்டுப்பட்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஊரில் இப்படி ஒரு வியாதி வேறு எந்த லிஃப்டுக்கும் வராது.

கடைக்குள் போய், மேஜைமேல் லென்ஸை வைத்தாள்.

“நான்... சும்மா...” என்றான் அவன்.

“பேசாதீங்க. ஒரு லிஃப்டோட கண்ணைக் கட்டியிருக்கீங்க. நான் தூக்கத்துலகூடச் செய்யாத காரியம்.”

மறுபடி மேலே போனாள். “எதனால நின்னுச்சு?” என்று கேட்டாள் வீட்டுக்காரம்மா.

உங்க பையன், என்று சொன்னால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் ஏன் செய்தான் என்று அம்மா கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். அவன் சார்பில் காதலைச் சொல்ல இவள் என்ன தரகரா?

“கதவுக் கண்ணுல தூசி.”

“தூசியா?”

“பெரிய தூசி. நின்னது நின்னதுதாம்மா. நாளைக்குச் சாயங்காலம் காலி பண்றேன்.”

வீட்டுக்காரம்மா அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். கொஞ்சம் கெஞ்சியிருந்தால் அட்டையைக் கிழித்துப்போட வசதியாக இருந்திருக்கும்.

மெக்கானிக் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். “ரூம் போச்சு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, வேலைய விட மாட்டேன். மறுபடி ரயில்லயே வந்து போவேன். நாலு வாரம் தூங்காம இருந்தா யாரும் செத்துட மாட்டாங்க.”

“நாளைக்கு அஞ்சு இருபதுக்கு வர்றேன். பொட்டியத் தூக்கணுமில்ல” என்றார் அண்ணன்.

*

வெள்ளிக்கிழமை. ஐந்து இருபதுக்கு அண்ணன் வந்தார். கூடவே மழையும் வந்தது. அதற்கும் யாரோ நேரம் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். நாலாம் மாடியிலிருந்து அவள், அண்ணன், துணிப்பை, இரும்புக் கருவிப்பெட்டி. மூன்றாம் மாடியில் வீட்டுக்காரம்மாவும் ஏறிக்கொண்டாள், கையில் அட்டையோடு. அண்ணன் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கீழே கதவு திறந்தது. வெளியே வந்தால், எதிரே கண்ணாடிக்காரன்.

பெட்டியைப் பார்த்தான். “எங்க போறீங்க?”

“காலி பண்றா” என்றாள் வீட்டுக்காரம்மா, அட்டையை நீட்டி. “லிஃப்ட் ஒரு தடவை நின்னா ரூமை விட்டுடறதா எழுதிக் கொடுத்திருக்கா. நேத்து நின்னுச்சு.”

அவன் படித்தான். நிறம் மாறியது. இவளுடைய ரூம்... இவளுடைய சான்றிதழ்... எல்லாம் என் ஒரு லென்ஸாலயா? சட்டைப்பையில் இருந்ததை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

“லிஃப்ட் நிக்கலம்மா. நான்தான் நிறுத்தினேன்.”

“எதுக்குடா?”

“அது நின்னாத்தான்... இவங்க நிப்பாங்க.”

மழை கொஞ்சம் அடக்கி வாசித்தது. அவன் இப்போது அவளைப் பார்த்துத்தான் பேசினான். “வாசல்ல யாரோ நிக்கறதா நினைச்சு லிஃப்ட் ஏமாந்துடுச்சுன்னு சொல்லாதீங்க. அது ஏமாறல. பன்னெண்டு வாரமா ஒருத்தன் நின்னுட்டுத்தான் இருக்கான். அறுபத்தொரு மில்லிமீட்டரைத் தாண்டி எனக்கு வேற அளவே ஞாபகம் நிக்கல... உங்க ரூமை நீங்க விடக் கூடாது.”

வீட்டுக்காரம்மா லென்ஸைக் கண்ணில் வைத்து மகனைப் பார்த்தாள். பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். “நாற்பத்தெட்டுப் படி ஏற வச்சிருக்கே. அப்படின்னா காலி பண்ண வேண்டியவன் நீ. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதே. எங்கயாவது தங்கிக்க.”

“அம்மா...!”

“எழுதித் தரவா?”

“ஒரு நிமிஷம்” என்றார் அண்ணன். அவர் இவர்கள் யாரையுமே பார்க்கவில்லை. குனிந்து லிஃப்ட் கதவையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மேலே யாரோ அழைத்து, லிஃப்ட் போய்த் திரும்பி வந்து, மறுபடி திறந்து மூடியிருந்தது. “ரெண்டு தடவை எண்ணிட்டேன். மேல நாலாம் மாடியில நாலு செகண்ட். மூணாம் மாடியில நாலு செகண்ட். இங்க மட்டும் ஒன்பது. ஏம்மா, நீ சரி பண்ணின லிஃப்ட்ல நேரம் பிசகாதே?”

மோட்டார் சூடு, என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

எதிரே கண்ணாடிக் கடை. எதிரே தூக்கக் கலக்கமான இரண்டு கண்கள். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா. பதினோரு வீட்டு வாசலில் குனியாத தலை... இங்கே எதற்குக் குனிய வேண்டும்?

“பிசகல” என்றாள். “நான்தான் வச்சேன். அஞ்சு செகண்ட் கூட.”

“எதுக்கு?”

“கடை எதிர்ல இருக்கு. நாலு செகண்ட் பத்தல.”

அவன் கையிலிருந்த அட்டை தரையில் விழுந்தது.

“என்ன பார்க்கறீங்க?” என்றாள் அவனிடம், முகம் சிவக்க, கோபமாகவே. “அவ்வளவு நேரம் கதவைத் திறந்து வச்சிருந்தேன். ஒரு நாளாவது ரெண்டடி எடுத்து வச்சு உள்ள வந்து பேசியிருந்தா, எதுக்கு இந்த லென்ஸ், எதுக்கு இந்தப் பொட்டி? ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கறீங்க... எதிர்ல திறந்திருக்கறது தெரியல. எனக்குப் பிடிச்சிருக்கு. போதுமா? எழுதித் தரணுமா?”

“வேணாம்...” என்றான் அவன்.

அண்ணன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கப்போனார்.

“ரூம் கிடைச்சா வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னீங்க” என்றாள் தங்கை.

திறந்த வாயை மூடிக்கொண்டார். கருவிப்பெட்டியைத் தூக்கினார். மேலேயா வெளியேயா என்று புருவத்தாலேயே கேட்டார்.

“மேல” என்றாள் வீட்டுக்காரம்மா. அட்டையைப் பொறுக்கியெடுத்து, நாலாகக் கிழித்து, மகன் கையில் கொடுத்தாள். அண்ணனோடு லிஃப்டில் ஏறினாள்.

கதவு ஒன்பது விநாடி காத்திருந்தது. பிறகு மூடிக்கொண்டு மேலே போனது. வாசலில் மழை. இந்தப் பக்கம் இரண்டு பேர்.

“அப்ப... திங்கட்கிழமை நான் எங்க தங்கறது?” என்று கேட்டான் அவன்.

“வாரத்துக்கு நாலு ராத்திரியா?” அவள் முதுகுப் பையிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். “பதினோரு விலாசம் இருக்கு. ஏழாவது வீட்டுல மட்டும் புரண்டு படுக்காதீங்க.”